கெட்டித் தரை

மெதுவாப் போங்க தம்பி. பின்னால சாக்கு பொத்துக்கிட்டா என் உசுரு இங்கன பொத்துக்கிட்டாப்புல ஆயிரும். எல்லாம் பழைய உரச்சாக்கு, தையல் இத்துப் போனது. ஆறு நடை பத்திரமாக் கொண்டு சேத்துட்டிய, இந்த ஏழாவது நடைதான் கடைசி. இதையும் அலுங்காமக் கொண்டு போயிட்டா கூட்டாம்புளியில புது வீட்டுல இறக்கிட்டு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.

நீங்க நல்ல ஆளு தம்பி. ஆறு நடை அடிச்சும் ஒரு வார்த்தை கேக்கல. வேற டிரைவரா இருந்தா கேட்டிருப்பான். வீடு மாத்துறவங்க கட்டிலு, பீரோ, கேஸ் அடுப்புன்னு ஏத்துவாங்க, நீ என்ன மண்ணை ஏத்துத, கிறுக்கா உனக்குன்னு. எங்க கட்டிலும் பீரோவும் ஒரே நடையில போயிட்டு. மண்ணுக்குத்தான் ஏழு நடை. எங்க வீட்டுக்காரவுக அங்க புது வீட்டு வாசல்ல தலையில கை வச்சு உக்காந்திருக்காவ. உக்காரட்டும்.

நானே சொல்லுதேன். சொன்னாத்தான் எனக்கு ஆறும். தங்கப்பழத்தைப் பழி வாங்கிட்டேன் தம்பி. நல்லா வாங்கிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஆளா, உங்க நம்பரே அவன்தான குடுத்தான். முன்னால அவன் வீடு. பின்னால ஒட்டுனாப்புல நாங்க வாடகைக்கு இருந்த ரெண்டு ரூமு. அதுக்கும் பின்னால ஒரு காலி இடம், பதினாறு அடிக்கு எட்டடி. பக்கத்துச் சந்து வழியா ஒரு ஆளு ஒடுங்கித்தான் போகணும். அந்த எட்டடிக்குள்ள பதினோரு வருசம் குனிஞ்சு நிமிந்திருக்கேன். இப்பப் போய்ப் பாத்தா அங்க குழிதான் கிடக்கு. ஒரு சட்டி மண்ணு மிச்சம் வைக்கல.

நாங்க குடி வந்தப்ப அது என்ன மண்ணுங்கிய? மண்ணே கிடையாது. உப்பளத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. காலையில எந்திரிச்சுப் பாத்தா தரையில வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கும். கால வச்சா சிப்பி, ஓட்டாஞ்சில்லு, செங்கல் துண்டு, எவனோ குடிச்சுட்டு உடைச்ச பாட்டிலு. முதல் வருசம் ஆசையாக் கீரை விதைச்சேன். முளைச்சுது, மூணாம் நாளு கருகிட்டு. கத்தரி நட்டேன், அதுவும் கருகிட்டு. சத்து பத்தலன்னு நெனச்சு கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டேன். உப்பு மண்ணுல உப்புக் கருவாடு! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இருந்த ஒத்த முருங்கையும் பட்டுப் போச்சு.

பொறவுதான் ரோசம் வந்துட்டு எனக்கு. இந்த மண்ணா நானான்னு பாத்துருவோம்னு இறங்குனேன். சல்லடை வச்சு சிப்பியும் கண்ணாடியும் அலசி எடுத்தேன். ஐப்பசி மழைக்கு நாலு பக்கமும் வரப்பு கட்டி, பேஞ்ச தண்ணிய அப்படியே தேக்கி வச்சேன். மழைத்தண்ணி உள்ள இறங்கும்போது உப்பையும் கூட இழுத்துட்டுப் போயிரும். தண்ணி வத்துனதும் தக்கைப்பூண்டு விதைச்சேன். அது ஒண்ணுதான் உப்புக்கு அசராது. இடுப்பளவு வந்து பூ எடுக்கும்போது அப்படியே மடக்கி மண்ணுக்குள்ள மிதிச்சு விட்டுரணும். பாக்கவே பாவமா இருக்கும், பச்சைப் பசேல்னு நிக்கதை மிதிக்கதுக்கு. மூணு வருசம் மிதிச்சேன்.

அதுக்கு மேல சாணி, பூவரசு இலை, டீக்கடைத் தூளு, வீட்டுக் காய்க்கழிவு. மீன் விக்கிற அந்தோணியம்மா தலையும் செதிலும் தருவா. அதைக் கருப்பட்டியோட பானையில ஊறப்போட்டு, ஒரு மாசம் கழிச்சு தண்ணியில கலந்து தெளிப்பேன். தெருவே மூக்கைப் பொத்தும். பொத்தட்டும், தடியங்காப் பூசணி காய்க்கும்போது யாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்கல. ரெண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினாவ.

நாலாவது வருசம் ஒரு நாளு மூடாக்கா போட்டிருந்த சருகை விலக்குதேன், ஒரு மண்புழு. நான் காசு குடுத்து வாங்கி விட்டது இல்ல தம்பி. தானா வந்தது. இந்த இடம் இனிமே இருக்கலாம்னு அதுவாப் பாத்து வந்தது. நான் கத்துன கத்துல தங்கப்பழம் பொண்டாட்டி பொன்னுத்தாய் பாம்புன்னு நெனச்சு விளக்குமாத்தோட ஓடியாந்துட்டா. புழுவைக் காட்டுனேன். இதுக்கா இந்தக் கத்துன்னு போயிட்டா. அவளுக்கு என்ன தெரியும்?

என்ன? ஆமா, அவளும் தினம் ஒரு வாளி காய்க்கழிவு குடுத்தாதான். பதினோரு வருசமும் குடுத்தா. தங்கப்பழமும் அவன் அண்ணன் வீட்டுல இருந்து டிவிஎஸ் வண்டியில சாணி கொண்டாந்து போட்டிருக்கான், நான் இல்லைங்கல. ஆனா அவன் கொண்டாந்தது சாணி. அதை மண்ணாக்குனது நானு. மண்ணாக்குதது லேசுப்பட்ட வேலையா?

அப்புறம் பாருங்க, கருப்பா, பொதபொதன்னு, கையில அள்ளுனா மழை பெஞ்ச வாசம். கத்தரிச் செடி என் தோளுக்கு நின்னுது. பாவக்காய் பந்தல் கொள்ளாமத் தொங்குச்சு. தங்கப்பழம் வீட்டுல எந்த நாளு என் காய் இல்லாமக் குழம்பு கொதிச்சிருக்கு? ஒரு நாளு பந்தலடியில நின்னு, எக்கா உங்க கைராசியே ராசின்னான். அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுது. கண்ணு வச்சுட்டான்.

சித்திரை கழிஞ்சு ஒரு நாளு வந்தான். தலையைச் சொறிஞ்சுட்டு நிக்கான். "எக்கா, மகன் குடும்பத்தோட வாரான். பின்வீடு வேண்டியிருக்கு. ரெண்டு மாசத்துல பாத்துக்கிடுங்க"ன்னான். மகன் வாரானாம்! பத்து வருசமா வராத மகன் இப்ப ஏன் வாரான்? மண்ணு பக்குவமானதும் வாரான். மருமக நோகாம அகப்பையோட பின்வாசல்ல இறங்கி நின்னுட்டு கீரை கிள்ளிக்கிடலாம், அப்படித்தான? நான் உப்பை எடுக்கணும், சிப்பியைப் பொறுக்கணும், மீன் தலை நாத்தத்துல கிடக்கணும், கடைசியில அவ வந்து கத்தரிக்கா பறிக்கணும்.

எங்க வீட்டுக்காரவுகட்ட சொல்லி அழுதேன். அவுக ஹார்பர்ல வாட்ச்மேனா இருந்தவுக, எதுக்கும் பதறாத ஆளு. "அடுத்தவன் இடம்னு தெரிஞ்சுதான செஞ்ச. போற இடத்துல புதுசாச் செஞ்சுக்கோ"ன்னாவ. புதுசா! எனக்கு அம்பத்தேழு வயசு ஆகுது. இன்னொரு பதினோரு வருசம் மிதிக்கதுக்குக் காலு இருக்கா எனக்கு? ஒரு வாரம் சோறு இறங்கல. அந்த ஒரு வாரத்துலதான் யோசனை வந்துது.

கெடு முடிய பத்து நாளு இருக்கும்போது, விடிஞ்சும் விடியாம மம்பட்டியோட இறங்கிட்டேன். முதல்ல காய்ப்புல நின்ன கத்தரியை வேரோட பிடுங்குனேன். என் கையாலயே பிடுங்குனேன் தம்பி. பந்தலைச் சரிச்சேன். தங்கப்பழம் பல்லு விளக்கிட்டே வந்து எட்டிப் பாத்தான். "என்னக்கா பண்ணுதிய?"

"நிலம் உன்னுது. மண்ணு என்னுது. நான் வரும்போது என்ன இருந்துச்சோ அதை விட்டுட்டுப் போறேன்."

வாயில நுரையோட அப்படியே நின்னான். இந்த மண்ணு பூரா எடுக்கப் போறியளான்னு கேட்டான். பூராவும்னேன். கெட்டித் தரை வரைக்குமான்னான். கெட்டித் தரை வரைக்கும்தான்னேன். விறுவிறுன்னு உள்ள போனான். உள்ள இருந்து பொன்னுத்தாய் சத்தம் கேட்டுச்சு. அழுதாளா சிரிச்சாளான்னு சரியா விளங்கல. அழுதிருப்பா.

ரெண்டாம் நாளு ஒரு புது மம்பட்டியும் கடப்பாறையும் கொண்டாந்து வச்சான். "உங்க மம்பட்டி காம்பு ஆடுது எக்கா, இதை வச்சுக்கிடுங்க." நடிப்பப் பாத்தியளா? உள்ள வெந்து சாகுதான், வெளிய காட்டக் கூடாதுன்னு இளிக்கான். நானும் விடல. அவன் மம்பட்டியை வச்சே அவன் குழியை வெட்டுனேன்.

அப்புறம் தினம் பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி. பொன்னுத்தாய் கொண்டாந்து குடுப்பா. "வெயிலு ஏறுது எக்கா, நாளைக்கு வேணா மிச்சத்தப் பாருங்களேன்"ம்பா. தங்கப்பழம் பின்னால நின்னுட்டு, "ஏ, அவுக இஷ்டத்துக்கு விடு. முடிக்கணும்னு நெனைக்காவ, முடிக்கட்டும்"பான். பொண்டாட்டி என்னைத் தடுத்து நிறுத்தப் பாக்கா, இவன் மானத்துக்குப் பயந்து அவளை அடக்குதான். எனக்கு அந்தக் காப்பி அம்புட்டு ருசியா இருந்துச்சு.

அஞ்சாம் நாளு ஒரு கொத்தனாரைக் கூட்டியாந்தான். அந்த ஆளு நூலு பிடிச்சு அளக்காரு, சுண்ணாம்புப் பொடியால கோடு போடுதாரு. எவ்வளவு நட்டம்னு அளந்து என் மேல பிராது குடுக்கப் போறான்னு நெனச்சேன். குடு, எங்க வேணாலும் குடு, மண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்லுதேன்னு மனசுக்குள்ள கறுவிட்டு வெட்டுனேன். கொத்தனாரு என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. அவருக்காவது என் மேல மதிப்பு இருந்துச்சு.

ஏழாம் நாளு தங்கப்பழம் வந்து, "எக்கா, அந்தக் கிழக்கு மூலையை விட்டுட்டியளே"ங்கான். அந்த மூலையில நான் ஒண்ணும் போட்டதே கிடையாது, துவைக்கிற கல்லு கிடந்த இடம். வெறும் மணலு. "அதுவும் உங்க மண்ணுதான் எக்கா, சங்கடப்படாம எடுத்துக்கிடுங்க"ன்னான். ரோசத்துல சொல்லுதான்னு தெரியாதா எனக்கு? சரிடா, உன் ரோசத்துக்கு நான் சளைச்சவளான்னு அதையும் ஓரடி வெட்டி எடுத்தேன். முட்டியில தோலு உரிஞ்சுட்டு. இந்தா பாருங்க, இன்னும் காயல.

ஒம்பதாம் நாளு கடப்பாறை டங்குன்னுது. கெட்டித் தரை. அவனைக் கூப்பிட்டுக் காட்டுனேன். மூஞ்சியைப் பாக்கணும்லா? குழிக்குள்ள குதிச்சு இறங்கி, குதிகாலால நாலு இடத்துல மிதிச்சுப் பாத்தான். "அப்பாடா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டான். போச்சே எல்லாம்ங்கிற பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்காகத்தான் தம்பி ஒம்பது நாளும் வெட்டுனேன். அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துது.

கிளம்பும்போது கையெடுத்துக் கும்புடுதான். "நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன் எக்கா"ங்கான். குத்திப் பேசுதானாம். நானும், நீ மறக்காதபடிக்குத்தான் செஞ்சிருக்கேன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டேன்.

ஏன் தம்பி, சிரிப்ப அடக்குதிய? இருமலா? இருமல் மாதிரி இல்லையே.

சரி, அதை விடுங்க. இறக்குனதும் வெறும் வண்டியாவா திரும்பிப் போவிய? பாவம், டீசலு வீணு. திரும்புகாலுல ஏதும் லோடு இருக்கா?

செங்கலா. நல்லது. எங்க இறக்கணும்?

எங்க?

தங்கப்பழம் வீட்டுக்கா? அந்த வீட்டுக்கு எதுக்குச் செங்கலு?

நாளைக்கு ஜல்லியுமா?

ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். சொல்லுங்க. பின்வீட்டோட சேத்து இன்னும் ரெண்டு ரூமு எடுக்கான். மகன் பொண்டாட்டி பிள்ளைகளோட வாரான், இடம் பத்தாது. சரி. அந்தக் காலி இடத்துலயா? வேற எங்க, அங்கதான இடம் இருக்கு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும்னு ரெண்டு மாசமா ஆளு தேடுனானா? சந்துக்குள்ள ஜேசிபி போகாது. கையாலதான் வெட்டணும். ஆளு கிடைக்கல.

ஆளு கிடைக்கல. சரி.

இல்ல, தண்ணி வேண்டாம். நீங்க சொல்லுங்க. கொத்தனாரு என்ன சொன்னாரு? முன்ன வேலை பேசுன அன்னைக்கு நீங்களும் நின்னியளா? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க. கூட்டாதிய, குறைக்காதிய.

இந்தப் பொதபொத மண்ணுல எந்தச் சுவரும் நிக்காது. இந்தக் குப்பை பூராவையும் அள்ளிட்டு, கெட்டித் தரை வந்தாத்தான் வேலையைத் தொடங்குவேன். அப்படியா சொன்னாரு? குப்பைன்னா? அந்த வார்த்தையா? தங்கப்பழம் என்ன சொன்னான் அதுக்கு? அவன் மறுத்து ஒண்ணும் சொல்லலையா? தலையாட்டுனானா?

அந்த ஆளா கும்பிட்டாரு என்னைப் பாத்து.

நான் ஒண்ணு சொல்லட்டுமா தம்பி. என் மண்ணைக் களவாங்கப் பாக்கான்னு நெனச்சு ரெண்டு மாசம் வயிறெரிஞ்சேன் பாருங்க, அதுகூடப் பரவாயில்ல. களவாங்கணும்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு அர்த்தம். மருமக கத்தரிக்கா பறிக்கட்டும்னு நெனச்சா, அந்தக் கத்தரிக்கா நல்லாருக்குன்னு அர்த்தம். இவன் குப்பைன்னுல்லா நெனச்சிருக்கான்! பதினோரு வருசமா என் காயைத் தின்னுட்டு, எக்கா கைராசின்னு சொல்லிட்டு, அள்ளி ஓரமாத் தள்ள ஆளு தேடிருக்கான். அந்த ஆளு நான்தான். முட்டித் தோலு உரிய அவன் வானத்தை நான் தோண்டிக் குடுத்துட்டு, ஜெயிச்சுட்டேன்னு தூங்கிருக்கேன். மூலை மணலு வரைக்கும் சுத்தமா வெட்டிக் குடுத்திருக்கேன். நூலு பிடிச்சாப்புல.

உள்ள சிரிச்சிருக்கா. இப்ப விளங்குது. அன்னைக்குப் பொன்னுத்தாய் சிரிச்சிருக்கா.

நீங்க ஆறுதல் சொல்லாதிய. நான் எடுக்கலன்னா உப்போடையில கொண்டு கொட்டிருப்பான், இப்ப மண்ணாவது தப்பிச்சுட்டுன்னு சொல்லுதிய. வாஸ்தவந்தான். மண்ணு தப்பிச்சுட்டு. நான் தப்பிக்கலையே? எனக்கு இங்கன நெஞ்சுல கனலுதே, அதை எங்க கொண்டு கொட்டுவேன்?

வண்டியை ஓரங்கட்டுங்க. அந்தா, அந்தப் புளியமரத்துக்கிட்ட இடம் இருக்கு.

பின்னால எத்தனை சாக்கு இருக்கு? பதினாறா? பதினாறு போதும். குழியில ஒரு பக்கம் நிரம்பிரும். திருப்புங்க தம்பி, தங்கப்பழம் வீட்டுக்கு.

காது கேட்டுதான் சொல்லுதேன், திருப்புங்க. இந்தப் பதினாறு சாக்கையும் அந்தக் குழியில, கொத்தனாரு சுண்ணாம்புக் கோடு போட்டாருல்லா, அந்த இடத்துலயே அவுத்துக் கொட்டப் போறேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. நானே தூக்குவேன், நானே கொட்டுவேன்.

என்ன மண்ணுன்னு எனக்குத் தெரியும் தம்பி, நீங்க சொல்ல வேண்டாம். பாவக்காய் பந்தலடி மண்ணு. கடைசியா வெட்டுனது. நீங்க கொண்டு இறக்குன ஆறு நடையையும் சேத்தாலும் இந்த ஒரு நடைக்கு ஈடாகாது. முதல் புழு வந்தது அங்கதான். இப்ப ஒவ்வொரு சாக்குலயும் கை விட்டா அம்பது புழு கிடக்கும். அதுகளை நெனச்சா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. அழத்தான் செய்யுதேன், பாத்துட்டுத்தான இருக்கிய. அழுதா என்ன? வேற சாக்கைக் கொண்டு போவோம்னா, அங்க வாசல்ல இறக்குனதை மறுபடி ஏத்தணும். அதுவரைக்கும் எனக்குப் பொறுக்காது. நல்ல மண்ணாவே கொட்டுதேன். நல்ல மண்ணுலதான அவன் சுவரு நிக்காது.

ஆளு விட்டு அள்ளிருவானா? எந்த ஆளு? ரெண்டு மாசமாக் கிடைக்காத ஆளு நாளைக் காலையில கிடைச்சிருவானா? ஜல்லி வருது, கொத்தனாரு வாராரு, மகன் ரயிலு ஏறிட்டான். பொறுத்துப் பாக்க முடியாது அவனால. மம்பட்டியும் இப்ப அவன் கிட்டதான இருக்கு. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அவனேதான் இறங்கணும்.

இறங்கட்டும். குனிஞ்சு, ரெண்டு கையாலயும், ஒரு சட்டி மண்ணாவது அவன் அள்ளிப் பாக்கணும் தம்பி. திருப்புங்க.